முதல் சொட்டு ரத்தத்துக்கு ஒரு சால்வை

அடுத்தவர் ஆரோக்கிய அதிகாரி என்று ஓர் இனம் உண்டு. அரசாங்கம் இவரை நியமிப்பதில்லை, சம்பளம் தருவதில்லை, ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பவும் அதற்கு வழி தெரியவில்லை. நீங்கள் வாசலில் நின்று ஒருமுறை தும்மினால் போதும், எதிர்வீட்டு கேட் திறக்கும் சத்தம் கேட்கும். உங்களுக்குச் சர்க்கரை எவ்வளவு, உங்கள் மாமியாருக்கு எந்த முழங்காலில் வலி, மாடி வீட்டுக்காரர் எந்த டாக்டரிடம் போய் எந்த டாக்டரிடம் சொல்லாமல் விட்டார் என்பதெல்லாம் இவருக்கு அத்துப்படி. இவருக்குச் சர்க்கரை எவ்வளவு? யாருக்கும் தெரியாது. இவருக்கே தெரியாது. ஊரில் இத்தனை உடம்புகள் கேட்பாரற்றுத் திரியும்போது, தன் உடம்பைப் பற்றி நினைக்க ஒரு நல்ல மனிதருக்கு மனம் வருமா?

இவரை அடையாளம் காண்பது சுலபம். எந்தப் பேச்சிலும் "விழிப்புணர்வு" என்ற சொல் வந்துவிடும். "நமக்கில்லப்பா, ஜனங்களுக்கு" என்று ஒரு விளக்கமும் கூடவே வரும். இந்த ஜனங்கள் யார் என்று கேட்டுவிடாதீர்கள். ஆட்டோ ஓட்டுபவர்கள் ஜனங்கள். கட்டட வேலைக்குப் போகிறவர்கள் ஜனங்கள். வாடகைக்கு இருப்பவர்கள் ஜனங்கள். பெண்கள் எல்லோரும் எப்போதும் ஜனங்கள். இவரும், இவருடன் காலையில் நடைபோகும் நண்பர்களும் மட்டும் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

எங்கள் தெருவுக்கு வாய்த்தவர் ஆம்ப்ரோஸ். பெங்களூர் பிரேசர் டவுனில், மசூதி ரோட்டுக் கூட்டத்திலிருந்து இரண்டு திருப்பம் உள்ளே வந்தால் எங்கள் தெரு. ஆம்ப்ரோஸ் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுவாரமே குடியிருப்போர் நலச் சங்கத்தின் தலைவரானார். போட்டியிட ஆளில்லாததால் ஏகமனதான தேர்தல். அன்றிலிருந்து தெரு முகாம் மயமானது. கண் முகாம், பல் முகாம், எலும்பு முகாம், நாய்களுக்குத் தடுப்பூசி முகாம். எல்லாவற்றையும் அவரே திறந்து வைப்பார். எதிலும் அவர் கண்ணையோ பல்லையோ காட்டியதில்லை. நாய் முகாமில் மட்டும் ஒரு நாய் அவரைக் கடித்துவிட்டதால் ஊசி போட்டுக்கொள்ள வேண்டி வந்தது. அதையும் அவர் மனமுவந்து செய்துகொண்டதாகச் சொல்ல முடியாது.

இப்படியிருக்கையில், சுகாதார இலாகாவிலிருந்து மமதா என்ற பரிசோதனை ஆலோசகர் எங்கள் தெருவுக்கு வந்தார். கன்னடக்காரர். தமிழ் பேசுவார், நடுநடுவே கன்னடம் வந்து உட்கார்ந்துகொள்ளும். எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் வேன் ஒன்று பேட்டை பேட்டையாகப் போகிறது, எங்கே தேவை அதிகமோ, எங்கே பரிசோதித்துக்கொண்டவர்கள் குறைவோ அங்கெல்லாம் நிற்கிறது, உங்கள் பகுதியும் அதில் இருக்கிறது என்று சொன்னார். விரல் நுனியில் ஒரு குத்து, அரை மணி நேரம், விடை கையில். இருந்தால் மாத்திரை இலவசம், ஒழுங்காகச் சாப்பிட்டால் மற்றவர்களைப்போல நெடுநாள் வாழலாம். தெரியாமலே இருப்பதுதான் ஆபத்து என்றார்.

ஆம்ப்ரோஸ் கொதித்துப் போனார்.

"மேடம், இது டீசன்ட் ஏரியா. எங்க தெருவுல எல்லாம் குடும்பஸ்தனுங்க. நீங்க அந்தப் பக்கம் சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டாண்ட போயி போடுங்க."

"அங்கயும் போடறோம் சார். அங்க வர்றவங்களும் யாரோட குடும்பமோதானே?" என்றார் மமதா, அலுப்போடு. இதே கேள்விக்கு இதே பதிலை எத்தனை தெருக்களில் சொல்லியிருப்பாரோ, பாவம்.

ஆனால் இலாகாவிலிருந்து ஒரு பெரிய அதிகாரி பார்வையிட வரக்கூடும், போட்டோவும் எடுப்பார்கள் என்பது பேச்சுவாக்கில் தெரிந்ததும், தலைவரின் டீசன்ட் ஏரியா தடாலென்று விழிப்புணர்வில்லாத ஏரியா ஆகிவிட்டது. "பாவம் மேடம், இந்த ஜனங்களுக்கு யாரு எடுத்துச் சொல்றது?" என்று அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும், கேலி கொஞ்சம் ஓரமாக நிற்கட்டும். எங்கள் தெருக் கடைசியில் கில்பர்ட் என்று ஒரு பெயின்டர் இருந்தார். போன வருஷம் இளைத்து, இருமி, இறந்துபோனார். என்ன வியாதி என்று அவர் குடும்பம் சொல்லவில்லை. தெரு சொன்னது. அவர் மனைவி பிரிஸில்லா பேக்கரியில் பாக்கிங் வேலைக்குப் போகிறார், பள்ளிக்கூடத்தில் படிக்கும் ஒரு மகள் இருக்கிறாள். பரிசோதித்துக்கொள்ளச் சொல்லி ஆஸ்பத்திரியில் எத்தனையோ தடவை சொல்லியும் அவர் போகவில்லை. அங்கே ரத்தம் எடுக்கும் பெண்ணுக்கு எங்கள் தெருவில் சொந்தக்காரர்கள் உண்டு. தனக்கு இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல், மகளின் முகத்தைப் பார்த்துப் பார்த்து ஒரு பெண் நாளைத் தள்ளுவது எவ்வளவு பெரிய கொடுமை! ஆம்ப்ரோஸின் மனைவி பியாட்ரிஸ்தான் மாதா கோயிலில் பார்த்து, "நம்ம தெருவுக்கே வேன் வருது. வந்துடு பிரிஸில்லா, நான் அங்கதான் இருப்பேன்" என்று சொல்லிச் சொல்லிச் சம்மதிக்க வைத்திருந்தார்.

பியாட்ரிஸ் சம்மதிக்க வைத்தார். தலைவரோ ஏற்பாடு செய்தார்.

என்ன ஏற்பாடு என்கிறீர்கள்! சங்கத்துக் கட்டடத்தின் முன்னால் ஷாமியானா. மேடை. சீரியல் விளக்கு. வருகிற விருந்தினர் யாரையும் சால்வை போர்த்தாமல் விட்டால் எங்களுக்குத் தூக்கம் வராது என்பதால் சால்வைகள், சந்தன மாலை, பழக்கூடை. தெருமுனையில் ஒரு பிளெக்ஸ். அதில், "உங்களுக்கு எச்.ஐ.வி. இருக்கிறதா?" என்று பெரிய எழுத்தில் ஒரு கேள்வி, அதற்கு நேர் கீழே ஆம்ப்ரோஸ் கைகூப்பிச் சிரிக்கும் படம். இரண்டு தெரு தள்ளியிருந்து இரண்டு பேர் ஆறுதல் சொல்ல வந்துவிட்டுப் போனார்கள். ஒருவர் ஆரஞ்சுப் பழம் கூட வாங்கி வந்திருந்தார்.

அதோடு விட்டாரா? வேன் வந்ததும், அதன் கதவு மேடையைப் பார்த்து இருக்கும்படி நிறுத்தச் சொன்னார். ஏறுவதும் இறங்குவதும் போட்டோவில் நன்றாக விழவேண்டுமாம். மமதா, "சார், ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க, அந்தப் பக்கம் திருப்பி நிறுத்தலாம்" என்று கெஞ்சிப் பார்த்தார். நடக்கவில்லை. அப்புறம்தான் தலைவர் தன் மூளையின் முழுப் பலத்தையும் காட்டினார். மைக்கைப் பிடித்து அறிவித்தார்:

"இன்னிக்கி முதல்முதலா தைரியமா வந்து டெஸ்ட் பண்ணிக்கற நபருக்கு, நம்ம சங்கத்து சார்பா மேடையில சால்வை போட்டு கௌரவம் பண்ணப்படும்! போட்டோ நம்ம வாட்ஸ்அப் குரூப்புல வரும்!"

நீங்களே சொல்லுங்கள். ரகசியம் காப்பதையே பிழைப்பாகக் கொண்ட ஒரு வண்டியைக் கூப்பிட்டு வந்து, அதில் ஏறுகிறவனுக்கு மாலை மரியாதை செய்து படம் பிடித்துப் போடும் யோசனை வேறு எந்த ஊர்க்காரர்களுக்காவது வருமா? எங்களுக்கு வரும். யாரும் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. கை தட்டினோம்.

பெரிய அதிகாரி வரவில்லை, ஆனால் கூட்டத்துக்குக் குறைவில்லை. வடையும் காபியும் உண்டு என்று சொல்லியிருந்தபடியால், தெருவே வந்து நாற்காலிகளை நிரப்பியது. வடைக்கு வரிசை மூலை திரும்பி நின்றது. வேனுக்கு வரிசை இல்லை. வடையைக் கையில் வைத்துக்கொண்டு அத்தனை கண்களும் வேன் கதவையே பார்த்துக்கொண்டிருந்தன. யார் ஏறப்போகிறார்கள்? யாருக்கு அது வேண்டியிருக்கிறது? ஆட்டோ ரவி தண்ணீர் குடிக்க எழுந்தபோது நாற்காலிகள் எல்லாம் ஒரு தடவை கிறீச்சிட்டன. அவன் பயந்துபோய்த் தாகத்தோடேயே உட்கார்ந்துவிட்டான். மமதா வேன் படியில் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்க்க ஆரம்பித்தார்.

அப்போதுதான் பிரிஸில்லா வந்தார்.

பேக்கரி வேலை முடிந்து வந்தவர், கையில் பையோடு ஷாமியானாவின் ஓரத்தில் நின்றார். ஒரு பார்வையில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார்: மேடை, விளக்கு, கேமரா, கதவு. காபி ஜக்கோடு நின்ற பியாட்ரிஸைக் கண்களால் தேடினார். பியாட்ரிஸ் அவரைப் பார்ப்பதற்குள் மைக் பார்த்துவிட்டது.

"ஆ, வந்துட்டாங்க! நம்ம கில்பர்ட் சம்சாரம் பிரிஸில்லா வந்திருக்காங்க. இவங்களுக்குத்தான் இந்த டெஸ்ட் ரொம்ப அவசியம்னு நமக்கெல்லாம் தெரியும். வாம்மா, பயப்படாதே, முதல் சால்வை உனக்குத்தான்! எல்லாரும் ஜோரா கை தட்டுங்க!"

கை தட்டினார்கள் சில பேர். வடை வைத்திருந்தவர்கள் தொடையில் தட்டினார்கள்.

பிரிஸில்லாவின் முகத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை. அவர் திரும்பி நடந்தார், அவ்வளவுதான். எனக்கு மேடைக்கு ஓடிப்போய் அந்தச் சால்வையைச் சுருட்டி ஆம்ப்ரோஸின் வாயில் அடைக்கவேண்டும் போல இருந்தது. இருந்ததே தவிர, நாற்காலியை விட்டு நான் எழுந்திருக்கவில்லை. நீங்களாக இருந்தால் எழுந்திருப்பீர்களா என்பதை உங்களுக்கே விட்டுவிடுகிறேன்.

கிளம்பியது பியாட்ரிஸ்தான். காபி ஜக்கை நடுமேசையில் டொக்கென்று வைத்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நேராக வேனைப் பார்த்து நடந்தார்.

"ஏ பியா, எங்க போறே?" என்றார் தலைவர். மைக் அணைக்கப்படவில்லை என்பதால் தெருவே கேட்டது.

"டெஸ்ட் பண்ணிக்க."

"உனக்கெதுக்கு டெஸ்ட்டு?"

"அப்ப பிரிஸில்லாவுக்கு மட்டும் எதுக்கு?" என்றார் பியாட்ரிஸ். "முதல் ஆளு நான்தானே? சால்வைய எடுத்து வையுங்க, வர்றேன்."

வேன் கதவு சாத்திக்கொண்டது.

இப்போது அரை மணி நேரம். ஆஹா, அந்த அரை மணி நேரத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும்! அதுவரை வேன் கதவைப் பார்த்துக்கொண்டிருந்த கண்கள் ஒவ்வொன்றாக மேடைப் பக்கம் திரும்பின. பெண்டாட்டிக்குப் பார்க்கிறார்கள் என்றால் அப்புறம் யாரைப் பற்றி யோசிப்பார்கள்? தொழிற்சாலை வேலையாக இவர் அடிக்கடி வெளியூர் போவாரே என்று ஒருவர் நினைவுபடுத்தினார். எப்போதோ அப்பெண்டிக்ஸ் ஆபரேஷனுக்கு ரத்தம் ஏற்றினார்களே என்று இன்னொருவர். பிளெக்ஸைப் பார்த்து ஆரஞ்சு வாங்கி வந்தவர், "அன்னிக்கே எனக்கு மனசுல பட்டுச்சு" என்றார். எல்லாம் மெல்லிய குரலில்தான். ஆனால் மேடை வரைக்கும் போகிற மெல்லிய குரல். ஆம்ப்ரோஸ் ஒழுக்கமானவர், அதில் எனக்குத் துளியும் சந்தேகம் கிடையாது. அவருக்கும் கிடையாது. பிறகு ஏன் அந்த மனிதருக்கு பெங்களூர் டிசம்பரில் அப்படி வியர்த்தது?

பியாட்ரிஸ் இறங்கி வந்தார். விரல் நுனியில் பஞ்சு. முகத்தில் ஒன்றுமில்லை. அத்தனை வருஷம் ஆம்ப்ரோஸுடன் குடித்தனம் நடத்தியவர், முகத்தில் ஒன்றும் காட்டாமல் இருக்கப் பழகியிருந்தார்.

"என்னா ஆச்சு?" என்றார் ஆம்ப்ரோஸ். மைக்கை மறக்காமல் அணைத்துவிட்டுத்தான்.

"ரிசல்ட் வந்துச்சு."

"என்னா வந்துச்சு?"

"அதான் சொன்னேனே, ரிசல்ட்டு."

"ஐயோ, என்னா சொன்னாங்க பியா?"

"நீங்களும் போயி பாத்துட்டு வாங்க. ராத்திரி சாப்பிடும்போது ரெண்டு பேரும் மாத்தி மாத்தி சொல்லிக்கலாம்" என்று சொல்லிவிட்டு, போர்த்த வேண்டிய சால்வையைத் தானே மேடையிலிருந்து எடுத்துக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஆம்ப்ரோஸ் வேன் பக்கம் பாய்ந்தார். "மேடம், நான் அவ ஹஸ்பண்ட்."

"கொத்து சார், தெரியும்" என்றார் மமதா. "ஆனா அவுங்க ரிசல்ட் அவுங்களோடது. உங்ககிட்ட சொல்ல ரூல்ஸ் இல்ல."

"நான் அசோசியேஷன் பிரசிடெண்ட் மேடம்!"

"பிரசிடெண்ட்டுக்கும் இல்ல சார்."

தலைவர் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு, வாழ்நாளில் முதல்முறையாக, மைக்கில்லாத குரலில் பேசினார். "சரி, எனக்கும் பாத்துடுங்க. ஆனா, பின்னாடிப் பக்கமா வழி கீதா?"

"வேனுக்கு ஒரே டோர் சார். அது உங்க ஸ்டேஜைப் பாத்து நிக்குது. நீங்கதானே போட்டோக்குன்னு அப்படி நிறுத்தச் சொன்னீங்க?"

"அந்த போட்டோகிராபர் இங்கயேவா இருப்பாரு?"

"நீங்கதானே கூப்பிட்டீங்க."

"பேரை ஏதாவது கத்திக் கூப்பிடுவீங்களா?"

"நாங்க கூப்பிட மாட்டோம் சார். நீங்கதான் கூப்பிட்டீங்க."

அந்தக் கணத்தில் ஆம்ப்ரோஸுக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். இந்த இனத்துக்கு அப்படியெல்லாம் சட்டென்று விளங்காது. பயந்தார், அவ்வளவே. ஆனால் பயந்த ஆம்ப்ரோஸ் பயப்படாத ஆம்ப்ரோஸைவிட நூறு மடங்கு கெட்டிக்காரர். விறுவிறுவென்று மேடையேறினார். சீரியல் விளக்கு அணைந்தது. போட்டோகிராபருக்குக் கணக்குத் தீர்க்கப்பட்டது. டிரைவரைக் கூப்பிட்டு, வேனைக் கட்டடத்தின் பின்பக்கம் கொண்டுபோய், கன்சர்வன்சி லேனைப் பார்த்துக் கதவு இருக்கும்படி நிறுத்தச் சொன்னார். வீடுகளின் பின்சுவர்களுக்கு நடுவே போகும் அந்தக் குறுகிய சந்தில், ஆள் நடமாட்டம் குப்பை எடுக்க வரும்போது மட்டும்தான். கடைசியாக மைக்கில் சொன்னார்:

"சில டெக்னிக்கல் காரணங்களால விழா இத்தோட முடிஞ்சுது. வடையும் தீந்துபோச்சு."

முதல் வாக்கியத்துக்கு ஒருவரும் அசையவில்லை. இரண்டாவதுக்கு ஷாமியானா காலியானது.

பிறகு தலைவர், குரங்குக் குல்லாயைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, தெருவைச் சுற்றிப்போய் கன்சர்வன்சி லேனுக்குள் நுழைந்தார். நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அங்கே ஒரு வரிசை இருந்தது. வேன் பின்னால் போன சத்தத்தைக் கேட்டே வந்துவிட்டார்கள். தாகத்தோடு உட்கார்ந்த ரவி, பிளவுஸ் தைக்கும் ஃபாத்திமா, காலையில் ஆம்ப்ரோஸோடு நடைபோகும் ஹெர்பர்ட், இன்னும் பலர். எல்லோரும் எதிர்ச் சுவரில் ஏதோ முக்கியமாக எழுதியிருப்பதைப்போலப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரும் யாரையும் நலம் விசாரிக்கவில்லை. யாரும் யாருக்கும் ஆலோசனை சொல்லவில்லை. பெங்களூரில் அவ்வளவு நாகரிகமான ஒரு வரிசையை நான் கண்டதில்லை. நான் எப்படிக் கண்டேன் என்கிறீர்களா? ஹெர்பர்ட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

வேன் ஜன்னலுக்குத் திரை இல்லாத குறையைப் பியாட்ரிஸ் தீர்த்து வைத்திருந்தார். சங்கத்துச் சால்வை, ஜரிகை பளபளக்க, அங்கே தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் தெருவில் ஒரு சால்வை உருப்படியான வேலை பார்த்தது அன்றைக்குத்தான்.

வரிசையின் முன்னால், கதவுக்கு அருகில், பையோடு நின்றிருந்தார் பிரிஸில்லா. பியாட்ரிஸ் போய்க் கூட்டி வந்திருந்தார். ஆம்ப்ரோஸ் அவரைப் பார்த்தார். பழக்கதோஷத்தில் வாய் திறந்தது. திறந்த வாய், ஏதோ நினைத்துக்கொண்டு, மூடிக்கொண்டது. மெதுவாகப் பக்கத்தில் போய், "உள்ள போம்மா" என்றார். குல்லாயைக்கூடக் கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டார்.

பிரிஸில்லா அவரை நிதானமாகப் பார்த்தார்.

"பர்வால்ல அங்கிள், நீங்க முதல்ல போங்க" என்றார். "உங்களுக்குத்தான் ரொம்ப அவசியம்னு எங்களுக்கெல்லாம் தெரியும்."

எதிர்ச் சுவரைப் படித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் சிரித்துவிட்டோம். மமதாவும் சிரித்தார். ஆம்ப்ரோஸ் சிரிக்கவில்லை, ஆனால் கோபப்படவும் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு போய் வரிசையின் கடைசியில் நின்றார். பிரிஸில்லா படியேறி உள்ளே போனார். நெடுநேரம் கழித்து, கதவு திறந்து, விரலைப் பஞ்சோடு மடக்கிக்கொண்டு இறங்கினார். மமதா அவர் தோளை ஒருமுறை தொட்டார். பிரிஸில்லா லேனின் அந்தக் கோடி வழியாக, மகள் காத்திருக்கும் வீட்டைப் பார்த்து நடந்து போனார். இனி என்ன செய்யவேண்டும் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு அன்றைக்கு அது போதுமானதாக இருந்தது.

ஆம்ப்ரோஸ் திருந்திவிட்டாரா? இந்த இனம் திருந்துவதில்லை. அடுத்த மாதம் எலும்பு முகாம், போன வாரம்கூட என் முதுகு வலியைப் பற்றிக் குரூப்பில் எழுதியிருந்தார். ஆனால் இலாகா வேன் வரும் நாளில் மட்டும் அவர் மைக்கைத் தொடுவதில்லை. தெருமுனையில் நின்று டிரைவருக்கு வழி காட்டுகிறார்: "பின்னாடி, பின்னாடி, லேனுக்குள்ள."

இப்போது நீங்கள் என்னிடம் ஒன்று கேட்கத் துடித்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரியும். கொஞ்ச நேரமாகவே நாக்கு நுனியில் வைத்திருக்கிறீர்கள். பிரிஸில்லாவுக்கு என்ன வந்தது? இருந்ததா, இல்லையா? சரி, பியாட்ரிஸுக்கு? அந்த ஆம்ப்ரோஸுக்காவது? நல்லெண்ணத்தில்தான் கேட்கிறீர்கள், அக்கறையில்தான் கேட்கிறீர்கள். அவரும் அப்படித்தான் மைக்கைப் பிடித்தார். இத்தனை பேருடைய ரிசல்ட்டைக் கேட்கத் தோன்றிய உங்களுக்கு, இதைப் படிக்க ஆரம்பித்ததிலிருந்து ஒரே ஒருவருடையதை மட்டும் கேட்கத் தோன்றவேயில்லை, கவனித்தீர்களா?

குல்லாய் இருந்தால் எடுத்துக்கொண்டு நீங்களும் வாருங்கள். வேன் மாதாமாதம் கன்சர்வன்சி லேனில்தான் நிற்கிறது. வடை கிடையாது.